கடை வீட்டு மேல்மாடியை இப்போது எடுக்காதீர்கள்

கேள்வி: எங்கள் ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். மகனுக்கு ஐந்து வயது, ஆட்டிசம். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் தெரப்பிக்கு நாள் கிடைத்தால் அடுத்த நாள் கிடைக்க மாதக்கணக்கில் ஆகிறது. அதனால் மாதம் இரண்டு முறை தனியாரிடம் கூட்டிப்போகிறோம். ஒரு மணி நேரத்துக்கு 130 வெள்ளி (ரிங்கிட்). கிளினிக்கிலும் கோயிலிலும் பேசிப் பார்த்ததில், சுற்றியுள்ள தோட்டங்களில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். சிலர் வீட்டை விட்டே வெளியே வருவதில்லை. நாமே ஒரு தெரப்பி மையம் திறக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். டவுனில் கடை வீட்டு மேல்மாடி 1,200 வெள்ளி வாடகைக்குக் கிடைக்கிறது. என் வீட்டுக்காரர் செம்பனை ஆலையில் வேலை செய்கிறார், அடுத்த வருடம் 50 வயது. அவருடைய ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தில் ஒரு பகுதியை எடுத்துப் போடலாம். நான் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். 15 பிள்ளைகள், ஆளுக்கு 300 வெள்ளி என்றால் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மகளுக்குப் பதினொரு வயது, அவளும் உதவுவாள். மையத்துக்கு மகன் பெயரையே வைக்க ஆசை. வழி சொல்லுங்கள்.
— ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்:

அன்புச் சகோதரி,

தொடங்குங்கள். ஆனால் மேல்மாடியில் வேண்டாம், ஈபிஎஃப் பணத்தில் வேண்டாம், 15 பிள்ளைகளோடும் வேண்டாம். கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளி வகுப்பறையிலோ மாதம் இரண்டு சனிக்கிழமை, ஆறு குடும்பம், தகுதியுள்ள ஒரு தெரப்பிஸ்ட், இவ்வளவு போதும். பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் இடமாக அது இருக்கக் கூடாது. அம்மாவோ அப்பாவோ பாட்டியோ, யார் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்களோ அவர்கள் கூடவே உட்கார வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 15 பிள்ளைகள், ஆளுக்கு 300 என்றால் மாதம் 4,500 வெள்ளி. வாடகை போக 3,300. உதவிக்கு ஓர் ஆள் வைத்தால் குறைந்தபட்சச் சம்பளம் 1,700. முதலாளி பங்கு ஈபிஎஃப் 13 விழுக்காடு, அது 221. இப்போது கையில் மிச்சம் 1,379 வெள்ளி. மின்சாரம், தண்ணீர், சொக்சோ எனும் தொழிலாளர் காப்புறுதி, விளையாட்டுப் பொருள் எதையும் இன்னும் கழிக்கவில்லை. இந்தக் காசுக்குப் பட்டம் படித்த தெரப்பிஸ்ட் வரமாட்டார், சட்டமும் அந்தச் சம்பளத்தில் முழுநேர ஆள் வைக்க விடாது. அப்புறம் என்ன நடக்கும் தெரியுமா? தெரப்பிஸ்ட் இல்லாத தெரப்பி மையமாக அது மாறும். 15 பிள்ளைகளையும் இரண்டு பேர் பார்த்துக்கொள்வார்கள். சண்டை வராமல், விழாமல், ஓடாமல் பார்த்துக்கொள்வதிலேயே பொழுது போய்விடும். அந்தக் காலத்துத் தோட்டத்து ஆயாக் கொட்டகை ஞாபகம் இருக்கிறதா? பெற்றோர் ரப்பர் மரம் சீவப் போகும்போது பிள்ளைகளைப் பத்திரமாக வைத்திருந்த இடம். அது தேவையான இடம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குத் தெரப்பி என்று பெயர் வைத்து 300 வெள்ளி வாங்க முடியாது.

இன்னொன்று, அந்த 300ஐ யார் கொடுப்பார்கள்? குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் தோட்டக் குடும்பத்துக்கு அது வருமானத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். முதல் மாதம் கொடுப்பார்கள். தீபாவளி மாதம் இழுபறி ஆகும். ஜனவரியில் பள்ளிச் செலவு, தைப்பூசம் என்று நின்றுவிடும். வாடகை மட்டும் நிற்காது. நீங்கள் யாருக்காகத் திறக்க நினைக்கிறீர்களோ, அந்த வீட்டை விட்டு வராத பிள்ளைகள்தான் முதலில் விலகுவார்கள்.

இப்போது சனிக்கிழமைக் கணக்கைப் பாருங்கள். ஈப்போவிலிருந்து உங்கள் ஊர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஒரு தெரப்பிஸ்ட் காலையில் கிளம்பி மூன்று மணி நேரம் இருந்துவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடலாம். நீங்கள் இப்போது கொடுக்கும் விலையிலேயே மூன்று மணிக்கு 390, பெட்ரோலோடு 450 என்று பேசினால், ஆறு குடும்பம் பகிரும்போது ஆளுக்கு 75 வெள்ளி. மாதம் இரண்டு முறைக்கு 150. உங்களுக்கு மட்டுமே இப்போது பெட்ரோல் இல்லாமல் 260 ஆகிறது. ஒரு குடும்பத்துக்கு அரை மணி நேரம்தானே கிடைக்கும் என்பீர்கள். சரிதான். அந்த அரை மணியில் தெரப்பிஸ்ட் பிள்ளையோடு விளையாடிக் காட்டிவிட்டுப் போகக் கூடாது. அம்மாவைச் செய்ய வைத்து, பார்த்து, திருத்த வேண்டும்.

ஐந்து வயதுப் பிள்ளை வாரத்தில் 80 மணி நேரத்துக்கு மேல் விழித்திருக்கிறான். தெரப்பி அறையில் ஒரு மணி நேரம் நடப்பதைவிட, மிச்ச நேரம் வீட்டில் எப்படிப் போகிறது என்பதுதான் பெரிது. உலகச் சுகாதார நிறுவனம் வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளுக்காக உருவாக்கிய பயிற்சித் திட்டமே பெற்றோருக்கானது. விளையாட்டும் வீட்டு வேலையும்தான் அதில் பாடம். தெரப்பிஸ்ட் இல்லாத ஊர்களையும் மனதில் வைத்துச் செய்தது அது.

ஓர் உதாரணம் சொல்கிறேன், இன்று மாலையே செய்து பாருங்கள். மகனைக் குளிப்பாட்டும்போது காயோங்கில், அதாவது குளிக்கும் குவளையில், தண்ணீர் மொண்டு அவன் தலைக்கு மேல் தூக்கிப் பிடியுங்கள். உடனே ஊற்ற வேண்டாம். அவன் முகத்தைப் பார்த்து, மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பேசாமல் காத்திருங்கள். அவன் உங்களைப் பார்க்கலாம், கையை இழுக்கலாம், ‘த’ என்று ஒரு சத்தம் போடலாம். எது வந்தாலும் அதைக் கேட்டதாக எடுத்துக்கொண்டு, ‘தண்ணி!’ என்று சொல்லி ஊற்றுங்கள். ஒரு குளியலில் பத்துக் காயோங் என்றால் கேட்பதற்குப் பத்து வாய்ப்பு. தண்ணீர் பிடிக்காத பிள்ளை என்றால் இதே முறையைச் சாப்பாட்டிலோ ஊஞ்சலிலோ செய்யலாம். பாட்டிக்கும் இது வரும், எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் யாராவது பக்கத்தில் இருந்து பார்த்து, ‘அவசரப்படுகிறீர்கள், இன்னும் கொஞ்சம் பொறுங்கள்’ என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் தெரப்பிஸ்ட்.

மொழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் ஊரில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய காரியமே இதில்தான் இருக்கிறது. ‘பிள்ளைக்குக் குழப்பம் வரும், தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பல குடும்பங்கள் அதைக் கேட்டு, தங்களுக்கே சரளமில்லாத ஆங்கிலத்தில் ‘சிட்’, ‘ஈட்’, ‘நோ’ என்று நாலு வார்த்தையில் பிள்ளையை வளர்த்துக்கொண்டிருக்கின்றன. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. வீட்டில் தாத்தா, அக்கா, பக்கத்து வீட்டு அத்தை எல்லாரும் பேசுவது தமிழ். அதை எடுத்துவிட்டால் பிள்ளைக்குப் பேச ஆளே இல்லை. பேச்சுப் பயிற்சியாளர்கள் எண்ணிக்கையே நம் நாட்டில் குறைவு, தமிழில் பயிற்சி தருபவர்கள் அதிலும் குறைவு. தேசியப் பல்கலைக்கழகத்திலும் கோத்தா பாரு பக்கம் குபாங் கெரியானில் உள்ள அறிவியல் பல்கலைக்கழக வளாகத்திலும் இந்தப் படிப்பு இருக்கிறது. பேராக்கைச் சேர்ந்த நம் பிள்ளைகள் யாராவது அங்கே படித்துவிட்டு ஈப்போவிலோ தைப்பிங்கிலோ வேலை செய்கிறார்களா என்று விசாரியுங்கள். கிடைத்தால் மாதம் ஒரு சனிக்கிழமையை அவருக்கே கொடுங்கள். தமிழ் தெரியாதவர்தான் கிடைத்தார் என்றாலும் பரவாயில்லை. முறையை அவர் மலாயில் சொல்லட்டும், பிள்ளையிடம் நீங்கள் தமிழில் செய்யுங்கள்.

உங்கள் சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நாள் பயிற்சி நல்லதுதான், ஒரு தாய்க்கு அது உதவும். ஆனால் அதை வைத்துத் தெரப்பிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள முடியாது. 2016ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில் சட்டம், அதாவது 774ஆம் சட்டம், 2020இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆக்குபேஷனல் தெரப்பிஸ்ட் (அன்றாடச் செயல்களைப் பழக்குபவர்), பேச்சுப் பயிற்சியாளர், பிசியோதெரப்பிஸ்ட் எல்லாரும் அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். யாரை அழைத்தாலும் பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நல்ல தெரப்பிஸ்ட் கோபப்பட மாட்டார். இதில் பெற்றோருக்கு ஒரு பண விஷயமும் இருக்கிறது. கற்றல் குறைபாடு உள்ள பிள்ளையின் ஆரம்பப் பயிற்சிக்கும் மறுவாழ்வுச் சிகிச்சைக்கும் 2025 வரி ஆண்டிலிருந்து 6,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு உண்டு. அதற்கும் சிகிச்சை தருபவர் அந்தச் சட்டத்தில் பதிந்தவராக இருக்க வேண்டும். வரி கட்டும் ஒன்றிரண்டு குடும்பத்துக்காவது பயன்படும்.

இத்தனை ஆயிரம் கட்டுங்கள், எங்கள் முறையையும் பெயர்ப்பலகையையும் தருகிறோம் என்று வருபவர்களிடம் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் ஸ்டெம் செல், உடம்பிலிருந்து உலோகத்தை இறக்கும் மருந்து, ஆக்சிஜன் கூண்டு, இவற்றை விற்பவர்களுக்கு டீயும் வேண்டாம். பெற்றோர் கூடும் இடத்தை மோப்பம் பிடித்து முதலில் வருபவர்கள் இவர்கள்தான்.

சட்டப் பதிவு எப்போது வேண்டும் என்று கேட்பீர்கள். 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டம், 506ஆம் சட்டம், நான்கு பேரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ, ஒரு நாளில் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கும் அதிகமாக, வாரத்தில் குறைந்தது மூன்று நாள் பார்த்துக்கொள்ளும் இடத்தைப் பகல்நேரப் பராமரிப்பு மையம் என்கிறது. அப்படி நடத்தினால் சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். தீயணைப்பு மீட்புப் படை, சுகாதார இலாகா, நகராட்சி மன்றம் எல்லாம் வந்து பார்ப்பார்கள். பெற்றோரும் கூட உட்காரும், மாதம் இரண்டு காலைக் கூட்டம் இந்த அளவுக்குள் வராது. இருந்தாலும் கோலக் கங்சார் மாவட்டச் சமூக நல இலாகாவுக்கு ஒரு கடிதம் எழுதிச் சொல்லிவிட்டே தொடங்குங்கள். நாளைக்குப் பதிவுக்குப் போகும்போது அந்த அதிகாரிக்கு உங்களைத் தெரிந்திருக்கும். நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

அந்த இலாகாவில் இன்னொன்றும் கேளுங்கள்: பக்கத்தில் பிடிகே எங்கே இருக்கிறது என்று. சமூக மறுவாழ்வு மையம், 1984இல் திரங்கானுவில் பத்து ராக்கிட் என்ற கிராமத்தில் தொடங்கிய திட்டம், இன்று நாடு முழுக்க இருக்கிறது. உள்ளூர்க் குழுதான் நடத்துகிறது, அரசு மானியம் தருகிறது, பயிற்சிக்கு வரும் பிள்ளைக்கு மாத உதவித்தொகையும் உண்டு. நம் ஆட்கள் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. ‘அங்கே எல்லாம் மலாய்தான்’ என்பார்கள். குழுவில் பெற்றோரும் உறுப்பினராகலாம் என்பது தெரிவதில்லை. போய்ப் பாருங்கள். பிடித்திருந்தால் சில பிள்ளைகளுக்கு அதுவே போதும். நீங்கள் சனிக்கிழமையோடு நிறுத்திக்கொள்ளலாம். மாற்றுத்திறனாளி அட்டை, அதுதான் ஓகேயூ கார்டு, உங்கள் பட்டியலில் உள்ள பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இருக்கிறது? இல்லாதவர்களுக்கு எடுத்துக்கொடுப்பதே முதல் இரண்டு மாதத்து வேலையாக இருக்கும். மருத்துவரின் உறுதி இல்லாமல் அட்டை கிடைக்காது. தோட்டத்துக் குடும்பங்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. கூடப் போய் வர ஓர் ஆள் இருந்தால் நகரும்.

உங்கள் மாநிலத்திலேயே உத்தான் மெலிந்தாங் பக்கம் பெத்தனி இல்லம் இருக்கிறது. தோட்டப்புறத்துப் பிள்ளைகளோடு பல பத்தாண்டுகளாக வேலை செய்யும் இடம். முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஒரு நாள் போய் வாருங்கள். பெரிய கட்டடத்தைப் பார்த்து மலைத்துவிடாதீர்கள். கழிப்பறையை எப்படி அமைத்திருக்கிறார்கள், வளர்ந்த பிள்ளைகளுக்கு என்ன வேலை பழக்குகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் பதினெட்டு வயது வரும்.

மேல்மாடி ஏன் வேண்டாம் என்பது இதற்குள் புரிந்திருக்கும், ஆனாலும் சொல்கிறேன். படி ஏற முடியாத பிள்ளை வரவே முடியாது. ஓடும் பிள்ளைக்குப் படிதான் ஆபத்து. ஊஞ்சல் மாட்டக் கூரையின் பலத்தைப் பார்க்க வேண்டும், பழைய கடை வீட்டில் அது சந்தேகமே. எந்த இடம் எடுத்தாலும் தரைத்தளம், சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கேட்டுக்குப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள். இரண்டு பெரியவர்கள் இல்லாமல் எந்தப் பிள்ளையும் மூடிய அறையில் இருக்கக் கூடாது, ஒருவர் தெரப்பிஸ்ட்டாகவே இருந்தாலும். வலிப்பு வரும் பிள்ளைகள் இருப்பார்கள். வந்தால் பக்கவாட்டில் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 999. கையில் சாவிக்கொத்து திணிக்கும் ஆசாமி எந்தக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார், அவரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

ஆறு மாதம் சனிக்கிழமை தவறாமல் நடந்தால் அப்போது சங்கமாகப் பதியலாம். அதற்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஏழு பேர் என்றால் உங்கள் அண்ணன், தம்பி, மாமா என்று நிரப்பாதீர்கள். மூன்று பெற்றோராவது வேறு குடும்பத்தவராக இருக்கட்டும், பொருளாளர் கண்டிப்பாக உங்கள் வீட்டாராக இருக்கக் கூடாது. கணக்கை ஒழுங்காக வைத்திருந்தால் பின்னால் வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவில் அனுமதி கேட்டு, நன்கொடை தருபவர்களுக்கு வரி விலக்கு வாங்கித்தரலாம். இந்தியர்களுக்கான அரசுப் பிரிவான மித்ராவின் மானியம், சட்டமன்ற உறுப்பினர் நிதி எல்லாம் கேளுங்கள், வெட்கம் வேண்டாம். ஆனால் ஒரே ஒரு முறை வரும் பணத்தில் மேசை வாங்கலாம், சம்பளம் கொடுக்கத் தொடங்கக் கூடாது. பெரிய அட்டைக் காசோலையோடு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்க விடாதீர்கள் என்றும் சொல்ல ஆசை. அந்தப் பணம் தேவை என்று நீங்கள் நினைத்தால் பெற்றோர் நின்று எடுத்துக்கொள்ளட்டும்.

இனி வீட்டு விஷயம். கடிதத்தில் வீட்டுக்காரர் வேலையும் வயதும் இருக்கிறது, அவர் என்ன நினைக்கிறார் என்பது இல்லை. 50 வயதில் ஈபிஎஃப்பில் ஒரு பகுதியை எடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் உங்கள் மகன் விஷயத்தில் அந்தப் பணம் இரண்டு பேருடைய முதுமைக்கானது மட்டுமில்லை. நீங்கள் எழுபது வயதில் இருக்கும்போதும் அவனுக்கு உங்கள் துணை தேவைப்படலாம். மையம் நஷ்டத்தில் மூடினால் இன்னொரு மையம் வரும், அந்தச் சேமிப்பு திரும்ப வராது. வீட்டுக்காரரிடம் இதை உட்கார்ந்து பேசுங்கள், அவர் ‘உன் இஷ்டம்’ என்று சொன்னால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மகள். அவளைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதுவும் உதவுவாள் என்று. பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஏற்கெனவே தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலை இருக்கிறது என்று ஊகிக்கிறேன். சனிக்கிழமைகளில் அவளை மண்டபத்துக்குக் கூட்டிவராதீர்கள், அவளே கேட்டால் தவிர. மாதத்தில் மற்ற ஒரு சனிக்கிழமையை அவளுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

மகனை உங்கள் சனிக்கிழமைக்குக் கூட்டிவாருங்கள், ஆனால் அவன் முறை வரும்போது நீங்கள் நடத்துபவர் இல்லை, வெறும் அம்மா. வரிசையைப் பார்ப்பது, பணம் வாங்குவது எல்லாம் அந்த அரை மணி நேரம் வேறொருவர் செய்யட்டும். மையம் தொடங்கிய தாய்மார்கள் பலரிடம் பார்த்திருக்கிறேன், மற்ற பிள்ளைகளின் ஃபைல் ஒழுங்காக இருக்கும், சொந்தப் பிள்ளையின் ஃபைலில் கடைசிக் குறிப்பு எப்போதோ எழுதியதாக இருக்கும். அவன் பள்ளி சேரும் காலமும் நெருங்குகிறது. 2019இலிருந்து சிறப்புத் தேவையுள்ள பிள்ளையை எந்த அரசுப் பள்ளியும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது கொள்கை. சிறப்பு வகுப்பு இருக்கும் தமிழ்ப்பள்ளி பக்கத்தில் எது என்று மாவட்டக் கல்வி இலாகாவில் இப்போதே கேட்டு வையுங்கள். மையத்தைவிட இது அவசரம்.

கடைசியாக, பெயர். மகன் பெயரை வைக்க வேண்டாம். ஐந்து வயதில் அது அழகாக இருக்கும். இருபது வயதில் டவுனில் நடக்கும்போது, அவனை அறியாதவர்கூட அவன் பெயரைப் போர்டில் படித்து அவனைப் பற்றி எல்லாம் தெரிந்த மாதிரி பேசுவார்கள். அதற்கு அவனிடம் நாம் கேட்கவில்லை. ஊர்ப் பெயரையே வையுங்கள். போர்டில் மலாய் பெரிதாகவும் தமிழ் அதைவிடச் சிறியதாகவும் இருக்க வேண்டும். வரைந்த படத்தை முதலில் நகராட்சியில் காட்டி அனுமதி வாங்கிவிட்டு அப்புறம் எழுதக் கொடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் தடவையும் காசு கொடுக்க வேண்டி வரும்.